தஞ்சாவூரை இரண்டு நாளில் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர். பள்ளிக்கு லீவு விட்டால் போதும், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், தூரத்துச் சொந்தம் என்று யாராவது போன் செய்துவிடுவார்கள். "குடும்பத்தோடு வருகிறோம், என்னென்ன பார்க்கலாம், எவ்வளவு நேரம் ஆகும்?" கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். பதிலையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. நேரம், கட்டணம் எல்லாம் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூருக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

முழுதாக இரண்டு நாள், ஒரு இரவு. ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் தஞ்சாவூரை மட்டும் பாருங்கள். கும்பகோணத்தையும் நவக்கிரகக் கோயில்களையும் அதே நாளில் சேர்க்காதீர்கள்.

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நிறைய வேன்கள் பெரிய கோயில் வாசலில் காலை பதினொன்றரைக்கு வந்து நிற்கின்றன. இறங்கியவர்கள் சுடுகிற தரையில் ஓடிப்போய்ச் சாமி கும்பிட்டு, நந்தி முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக் கோயில் அவர்களுக்குக் கால் சுட்ட ஞாபகமாகத்தான் மிஞ்சும். பார்க்கும் இடங்களில் பாதியைக் குறைத்துவிட்டு, பெரிய கோயிலுக்கு மட்டும் இரண்டு முறை போங்கள். ஒருமுறை விடியற்காலையில், ஒருமுறை சாயங்காலம்.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி. அறுவடை நடந்துகொண்டிருக்கும், வெயில் உறைக்காது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையில் கோயில் அழகுதான், ஆனால் புயல் சின்னம் உருவானால் டெல்டா மாவட்டங்களில் திட்டமெல்லாம் தலைகீழாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறையில் வேறு வழியில்லை என்பவர்கள் காலை ஒன்பதுக்குள் ஒரு சுற்று, மாலை ஐந்துக்கு மேல் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டு நடுப்பகலை அறையில் கழிக்கலாம்.

பிரதோஷத்தன்று மாலை நந்திக்கு அபிஷேகம் நடக்கும், கூட்டம் அலைமோதும். அதைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் சரி, சிற்பம் பார்க்க வருகிறவர்களுக்கு அது தோதான நாள் இல்லை. ஐப்பசி சதயம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரம். அந்தச் சமயத்தில் ஊரே விழாக்கோலம் பூண்டிருக்கும். அப்போது வருவதென்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

எப்படி வருவது, எங்கே தங்குவது?

சென்னையிலிருந்து ரயில்தான் வசதி. எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும் நேரத்தில் தஞ்சாவூர். பகல் பயணம் பிடிக்கும் என்றால் சோழன் எக்ஸ்பிரஸ் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக வரும். ஜன்னலோரம் கிடைத்தால் கடைசி இரண்டு மணி நேரம் வயலும் வாய்க்காலுமாகப் போகும். விமானத்தில் வருகிறவர்கள் திருச்சியில் இறங்கலாம். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர், நல்ல சாலை.

ரயில் நிலையம், காந்திஜி சாலை, பழைய பேருந்து நிலையம், இந்த வட்டாரத்துக்குள் அறை எடுத்தால் பெரிய கோயிலும் அரண்மனையும் பக்கத்திலேயே இருக்கும். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. வெளியூர் பஸ்ஸில் வந்து அங்கே இறங்கினால் டவுன் பஸ் பிடித்துப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஆட்டோ என்றால் ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்வது நல்லது.

பெரிய கோயிலுக்கு எந்த நேரத்தில் போவது?

காலை 6 மணிக்குத் திறப்பார்கள். அந்த நேரமே போய்விடுங்கள். கருவறை கிழக்குப் பார்த்தது. சூரியன் ஏற ஏற விமானத்தின் கிழக்கு முகம் சாம்பலிலிருந்து தேன் நிறத்துக்கு மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். இரவு எட்டரை வரை இருக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் ஒரு ஜோடி காலுறை பையில் இருந்தால் உதவும்.

உள்ளே போனதும் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வாசலிலிருந்தே ஆரம்பியுங்கள். எல்லோரும் விமானத்தைப் பார்த்தபடியே நடந்துவிடுவதால் வாசல்களைக் கவனிப்பதில்லை. முதலில் வருவது மராட்டா வாசல், பிற்காலத்தது. அகழியும் கோட்டைச் சுவரும் நாயக்கர் காலத்து வேலை. அதைத் தாண்டினால் ஐந்து நிலைக் கேரளாந்தகன் வாசல். சேர நாட்டை வென்றதன் நினைவாக ராஜராஜனுக்கு வழங்கிய பட்டப்பெயர் அது. அடுத்தது மூன்று நிலை ராஜராஜன் வாசல். கோபுரங்கள் குட்டையாகவும் உள்ளே விமானம் நெட்டையாகவும் இருப்பதைக் கவனியுங்கள். பிற்காலக் கோயில்களில் இது தலைகீழாகிவிட்டது. மதுரையிலோ ஸ்ரீரங்கத்திலோ வாசல் கோபுரம்தான் வானத்தைத் தொடும், கருவறை விமானம் சிறியதாக உள்ளடங்கி இருக்கும்.

வாயிற்காவலர் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். காவலர் கதாயுதத்தின் மேல் கால் வைத்து நிற்கிறார். அந்தக் கதையைச் சுற்றிக்கொண்டிருக்கிற பாம்பின் வாயில் ஒரு யானை பாதி உள்ளே போயிருக்கிறது. யானையின் அளவை மனதில் வைத்துப் பாம்பை யோசியுங்கள், பாம்பை வைத்துக் கதையை, கதையை வைத்துக் காவலரை. அவருடைய கையோ, உள்ளே இருப்பவர் இன்னும் பெரியவர் என்று காட்டுகிறது. சின்ன வயதில் இதை அப்பா எனக்குப் படிப்படியாகச் சொல்லிக் காட்டினார். அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் அந்த யானையைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அப்புறம் முற்றம். நீளம் சுமார் 240 மீட்டர், அகலம் 120 மீட்டர். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு சதுரம் வைத்த கணக்கு. விமானம் ஏறத்தாழ 216 அடி, பதின்மூன்று நிலை. அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட, தென்மேற்கு மூலைக்குப் போய், முற்றத்தைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகைத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்துதான் முழு உருவமும் கண்ணுக்குள் அடங்கும். தஞ்சாவூரைச் சுற்றிக் கருங்கல் மலையே கிடையாது, வண்டல் மண்தான். இத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்பதை அங்கே உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும்.

எல்லாமே ராஜராஜன் கட்டியதா?

இல்லை. நிறைய பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். விமானமும் இரண்டு சோழர் வாசல்களும் திருச்சுற்று மாளிகையும் ராஜராஜன் காலம். இப்போது பார்க்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. மண்டபத்து விதான ஓவியங்களைத் தலையைத் தூக்கிப் பார்க்க மறக்காதீர்கள். அம்மன் சந்நிதி 13ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். நூல் இழைத்ததுபோல் செதுக்கியிருக்கும் முருகன் சந்நிதி நாயக்கர் காலம். பிள்ளையார் சந்நிதி மராட்டியர் திருப்பணி. தென்மேற்குப் பக்கச் சுவரில் மராத்தியில் நீளமாக ஒரு கல்வெட்டு ஓடும். மராட்டிய மன்னர்களின் போன்ஸ்லே வம்ச வரலாறு. அந்த வம்சத்து இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டுவித்தது.

ஊரை ஆண்டவர்களின் வரிசையும் இதேதான். சோழர், பாண்டியர், நாயக்கர், 1676 முதல் 1855 வரை மராட்டியர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கோயிலில் ஆளுக்கொன்று சேர்த்துவிட்டுப் போனார்கள்.

கல்வெட்டு படிக்கத் தெரியாது. அதைப் பார்த்து என்ன பயன்?

தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும், கொஞ்சமாவது பிடிபடும். விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் எழுத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தொட வேண்டாம். முதலில் ஒன்றும் புரியாது. புள்ளி வைத்த எழுத்தைத் தேடாதீர்கள், அந்தக் காலத்தில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ட, ப, ம மாதிரி எழுத்துகள் இன்றைக்குள்ள வடிவத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் பத்து நிமிஷத்தில் ஒரு சொல்லாவது கண்ணில் படும். போன வருஷம் உடன் வந்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண் 'குடுத்த' என்ற சொல்லைத் தானாகவே கூட்டிப் படித்துவிட்டாள். "நாம பேசுற மாதிரியே இருக்கு!" என்று கத்தினாள். உண்மைதான். 'கொடுத்த' என்று எழுதவில்லை, பேசுகிறபடியே 'குடுத்த' என்றுதான் வெட்டியிருக்கிறார்கள்.

அது ராஜராஜன் வாய்மொழி. வடக்குப் பக்கம் இருக்கிறது. தான் எடுப்பித்த இந்தக் கற்றளிக்கு, அதாவது கல் கோயிலுக்கு, "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று சொன்னதாகப் பதிவு. அக்கன் என்றது அக்காள் குந்தவையை. தனக்கு அடுத்தபடியாக அக்காவையும், அதற்கப்புறம் மனைவியரையும் சொல்லிவிட்டு, வேறு யார் கொடுத்திருந்தாலும் அதையும் எழுதச் சொல்கிறார் பேரரசர். 25ஆம் ஆட்சியாண்டில் 275ஆம் நாள் விமான உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்த செய்தியும் இருக்கிறது. அதை வைத்துத்தான் 1010ஆம் ஆண்டு என்ற கணக்கு. கட்டியவர் பெயரும் உண்டு: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்.

எனக்கு மிகவும் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு ஆடல் மகளிரை வரவழைத்துத் தஞ்சாவூரில் குடிவைத்த செய்தி அது. நானூறு பேர் என்று மொத்தமாகச் சொல்லி முடிக்கவில்லை. ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருப்பதியம் (தேவாரம்) பாட நாற்பத்தெட்டுப் பேர் தனி. விளக்கு எரிக்க ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. கோயில் என்பது எத்தனை பேருக்குச் சம்பளமும் வீடும் கொடுத்த இடம் என்று இதைத் தெரிந்துகொண்டு சுற்றினால், வெறும் சுவர் என்று எதையும் கடந்து போக மனம் வராது.

விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். காலை 8 மணிக்கு விமானத்துக்கு மேற்குப் பக்கம் போனால் அந்த நிழலில்தான் நிற்பீர்கள். இத்தனை பெரிய உண்மைகள் கல்லிலேயே வெட்டிக் கிடக்கும்போது, இல்லாத அதிசயத்தை எதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? நிழலில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்.

சோழர் கால ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

நேரில் முடியாது. அவை கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றுப்பாதையில் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்துச் சொன்னார். பாதுகாப்புக்காகப் பொதுமக்களை விடுவதில்லை, அது சரியும்கூட. மூச்சுக் காற்றின் ஈரமே ஓவியத்தைக் கெடுத்துவிடும். மேல் தளத்து நடனக் கரணச் சிற்பங்களும் அப்படித்தான். 108 கரணங்களில் 81 முடிந்த நிலையில் நின்றுவிட்டன, மிச்சக் கற்கள் செதுக்காமலேயே காத்திருக்கின்றன. கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறையின் விளக்கக் கூடம் ஒன்று இருக்கிறது. ஓவியங்களின் படங்களை அங்கே பார்க்கலாம்.

அரண்மனை பழுதடைந்து கிடக்கிறது என்கிறார்களே, போகத்தான் வேண்டுமா?

கட்டடத்தின் சில பகுதிகள் பொலிவிழந்துதான் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே கலைக்கூடத்தில் இருக்கும் செப்புத் திருமேனிகளுக்காகவே தஞ்சாவூருக்குத் தனியாக வரலாம். ஒரே ஒரு சிலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னால் நான் திருவெண்காட்டு ரிஷபவாகனரைத்தான் சொல்வேன்.

1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெரிய கோயிலுக்குக் கலசம் வைத்த அடுத்த வருஷம். சிவன் ஒரு காலை மற்றொன்றின் குறுக்காக வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். காளை இல்லை. மண்ணுக்கடியிலிருந்து சிலைகள் கிடைத்தபோது காளை மட்டும் கிடைக்கவில்லை. கை காற்றில் நிற்கிறது. ஆனாலும் சாய்ந்த உடம்பில் அந்தக் காளையின் உயரமும் கழுத்தின் வளைவும் தெரியும். தலையில் கட்டியிருப்பது தலைப்பாகைபோலத் தோன்றும். கொஞ்சம் நின்று பார்த்தால் அது சடைதான், ஊடே பாம்பு நெளிகிறது. பின்பக்கம் பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். அந்த முதுகைச் செய்த கை எப்படிப்பட்ட கை என்று நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. பக்கத்திலேயே உமையும் இருப்பார், அதே ஊரிலிருந்து வந்த பிட்சாடனரும் கல்யாணசுந்தரரும்கூட.

நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சரபோஜி கைகூப்பி நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கிறது. இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்தது. வளாகத்தில் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலம் ஒன்றின் எலும்புக்கூடும் உண்டு. குழந்தைகளை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம். மராட்டா தர்பாரின் வண்ணத் தூண்களையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

சரஸ்வதி மகாலில் என்ன பார்க்கலாம்?

அரண்மனை வளாகத்திலேயே இருக்கும் நூலகம். புதன்கிழமை விடுமுறை, அதை வைத்து நாளைத் தீர்மானியுங்கள். ஓலைச்சுவடிகளை ஆய்வாளர்கள்தான் எடுத்துப் பார்க்க முடியும். நமக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்திருக்கும். சுவடிகள், ஓவியம் தீட்டிய நூல்கள், பழைய வரைபடங்கள் என்று ஒரு மணி நேரம் போவது தெரியாது. நாயக்கர் காலத்தில் தொடங்கிய இந்த நூலகத்தைப் பெரிதாக வளர்த்தவர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை மன்னராக இருந்தார். ஆங்கிலேயர் ஆட்சி அதிகாரத்தை எடுத்துக்கொண்ட பின் அவருக்கு மிஞ்சியது கோட்டையும் புத்தகமும்தான். அவர் அதை வீணாக்கவில்லை. கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படங்களோடு இந்த நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நூலகம் பதிப்பித்த சமையல், மருத்துவ நூல்களை விற்பனைப் பிரிவில் மலிவாக வாங்கலாம்.

கூட்டமில்லாத இடம் ஏதாவது?

சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1779இல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் ஸ்வார்ட்ஸைப் பார்க்க இளம் சரபோஜி வந்து நிற்கும் காட்சி. தன்னை வளர்த்துப் படிக்கவைத்த குருவுக்கு மன்னர் செய்வித்தது, இதுவும் பிளாக்ஸ்மன் கைவேலைதான். கதவு எப்போதும் திறந்திருக்காது. காவலரிடம் கேட்டால் திறந்து காட்டுவது வழக்கம்.

இன்னொன்று, மேலவீதி. வெயில் தாழ்ந்ததும் பேசாமல் ஒரு நடை போய் வாருங்கள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பம் பூஜை செய்த பங்காரு காமாட்சி கோயில் அங்கேதான். பரதநாட்டிய மார்க்கத்தை (கச்சேரியில் ஆடும் வரிசையை) இன்றைய வடிவத்துக்கு ஒழுங்குபடுத்திய பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் வாழ்ந்த தெருவும் அதுதான்.

இரண்டாம் நாள் தாராசுரமா, கங்கைகொண்ட சோழபுரமா?

பெரிய கோயிலோடு இந்த இரண்டும் சேர்ந்துதான் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. பெரிய கோயில் 1987இல், மற்ற இரண்டும் 2004இல் சேர்ந்தன. ஒன்றுதான் முடியும் என்றால் தாராசுரம். சுமார் 35 கிலோமீட்டர், கும்பகோணத்துக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டாம் ராஜராஜன் காலம், 12ஆம் நூற்றாண்டு. தஞ்சாவூரில் அண்ணாந்து பார்த்த கழுத்தை இங்கே குனிய வைத்துவிடுவார்கள். விமானத்தின் அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுச் சிற்பத்தில். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் சிற்பத்தில் கையால் ஒரு பக்கத்தை மறைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் மண்டபமும் உண்டு.

கார் வைத்திருந்தால், காலையில் நேரே கங்கைகொண்ட சோழபுரம் போய்விடுங்கள். சுமார் 70 கிலோமீட்டர். பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தலைநகரை அங்கே மாற்றினான். இன்றைக்குத் தலைநகரம் இல்லை, கோயில் மட்டும் புல்வெளி நடுவே தனியாக நிற்கிறது. அப்பா கட்டிய விமானம் நேர்க்கோட்டில் ஏறும், மகன் கட்டியது உள்வளைந்து ஏறும். திரும்பும் வழியில் மாலையில் தாராசுரம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த இரட்டைத் திட்டம் ஒத்துவராது.

திருவையாறு போக நேரம் இருக்குமா?

13 கிலோமீட்டர்தான், அரை நாள் போதும். போகிற வழியே பார்க்க வேண்டியது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றுப் பாலம் தாண்ட வேண்டும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஐயாறப்பர் கோயிலும் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதியும் பார்த்துவிட்டு, படித்துறையில் கொஞ்சம் உட்காரலாம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், கோடையில் மணல்தான் கிடக்கும். தை மாத வாக்கில் ஆராதனை நடக்கும் நாட்களில் ஊர் நிரம்பி வழியும்.

வயதானவர்களோடு வருகிறோம், சிரமமா?

பெரிய கோயில் முற்றம் சமதளம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கருவறைக்கு ஏறும் படிகள்தான் கஷ்டம், உயரம் கூடுதல். என் பாட்டி கடைசிக் காலத்தில் ஏற முடியாமல் நந்தி மண்டபத்துப் பக்கமே உட்கார்ந்து கும்பிட்டுக்கொள்வார். அங்கிருந்து நேர்க்கோட்டில் சாமி தெரியும். அரண்மனையில் மாடி ஏறும் பகுதிகளை அவர்களுக்கு விட்டுவிடலாம், கலைக்கூடமும் தர்பாரும் போதும்.

சாப்பாடு?

காலையில் இட்லியோடு கடப்பா கேட்டுப் பாருங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த குழம்பு, கும்பகோணம் தஞ்சாவூர் பக்கத்துச் சொத்து. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. மதியம் இலைச் சாப்பாடு. இனிப்பில் அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து நெய்யில் கிளறியது, திருவையாற்றில் சுடச்சுட இலையில் வைத்துக் கொடுப்பார்கள். ஊருக்கு வாங்கிப் போக சந்திரகலா தோதானது, சீக்கிரம் கெடாது.

ஊர் நினைவாக என்ன வாங்கலாம்?

குழந்தை இருந்தால் தலையாட்டி பொம்மை. அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருக்கும், எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். கடையிலேயே தட்டிப் பார்த்து வாங்குங்கள். நிமிர்ந்து நேராக நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் வேறு எடுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சால் மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவது முறையான வேலை. பளபளக்கும் தாளை ஒட்டியும் அதே தோற்றத்தில் விற்கிறார்கள். "இது அசல் தங்க ரேக்கா?" என்று நேராகக் கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆசை ஆசையாக வாங்கிய படம் இரண்டே வருஷத்தில் கறுத்துப்போனது. வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிற கைவினைஞருக்குப் போக வேண்டிய பணம் இப்படி வேறு எங்கோ போகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

உலோகத்தில் புடைப்பு உருவம் வைத்த கலைத்தட்டு, நெட்டி (தக்கைபோன்ற நீர்ச்செடித் தண்டு) வேலைப்பாடு இவையும் நல்லவை. நெட்டியில் செய்த மாலை, கோயில் பொம்மைகளுக்கு எடையே இருக்காது, ஆனால் அழுத்தினால் நொறுங்கும். கைப்பையில் வையுங்கள். வீணை வாங்காவிட்டாலும் செய்யும் பட்டறை ஒன்றைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். பலா மரக் கட்டையைக் குடைந்துகொண்டிருப்பார்கள். ஒரே கட்டையில் குடைந்தால் அது ஏகாந்த வீணை.

இரவு ரயிலுக்குத்தான் டிக்கெட். கடைசி மாலையில் என்ன செய்வது?

அறையைக் காலி செய்து பைகளை ரயில் நிலையத்திலோ விடுதி வரவேற்பிலோ வைத்துவிட்டு, ஆறு மணிக்கு மறுபடியும் பெரிய கோயில். இந்த முறை எதையும் தேடிப் பார்க்க வேண்டாம். ஊர்க்காரர்கள் அலுவலகம் முடித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். புல்தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பகலில் சுட்ட கல் மிதமான சூட்டுக்கு வந்திருக்கும், உள்ளங்காலுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். விமானத்துக்கு விளக்குப் போட்டதும் கிளிகளின் சத்தம் மெல்ல அடங்கும். எட்டே காலுக்கு எழுந்தால் போதும். ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர்தான்.